கிணறு வற்றியதற்கு அத்தாட்சி

கிணறு வற்றிவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, அதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் அந்தச் செயற்பொறியாளர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஃபேன் காற்றில் படபடக்கும் காகிதங்களை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி சொன்னார். எனக்குப் பின்னால் வந்தவருக்கு நாற்காலியைக் காட்டினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதப்போவதும் இல்லை.

மாடம்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. என் மாமனார் இருந்தவரைக்கும் நெல் விளைந்தது. அவர் போனபிறகு உழ ஆளில்லை. என் கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நிலத்தில் உருப்படியாக மிஞ்சியது ஒரு பெரிய கிணறு மட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் திரும்பிய இடமெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு வந்தது, குழாய் வரவில்லை. நல்ல கிணறு இருந்தவர்கள் தண்ணீர் விற்றார்கள். நான் கடன் வாங்கி ஒரு பழைய லாரியை எடுத்து, அதன்மேல் தொட்டி கட்டினேன். ஓட்டுவதற்கு இரும்புலியூரிலிருந்து ஒரு டிரைவர் வந்தார்.

அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்குத் தினமும் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற டெண்டர் கேட்டிருந்தார்கள். போட்டேன். இருந்ததிலேயே என் விலைதான் குறைவு. டெண்டர்களைத் திறந்த அன்று அந்த அறையில் பெண் என்று நான் ஒருத்திதான். செயற்பொறியாளர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"டெண்டர் என் பேர்ல இருக்கு சார்."

"அது தெரியுது. பேசறதுக்கு அவர் வரமாட்டாரான்னு கேட்டேன்."

"என்ன பேசணும் சார்? என்கிட்டயே பேசுங்க."

அங்கிருந்த மற்ற ஒப்பந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேறொருவருக்குக் கொடுக்க நினைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கணக்கு அங்கேயே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

முதல் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிணறு கொடுத்தது, லாரி ஓடியது. அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றியது. கார்த்திகையும் அப்படியே. தூறல் விழும், மண் நனையும், அவ்வளவுதான். பொங்கலுக்குள் கிணற்றில் படிக்கட்டின் கடைசிப் படியும் வெளியே தெரிந்தது.

மழை மட்டும் காரணமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். எங்கள் நிலத்தை ஒட்டி என் கணவரின் சித்தப்பா மகனுக்கு நிலம். எனக்குக் கொழுந்தன் முறை. அவர் அந்த வருஷம்தான் ஆழமாகப் போர் போட்டு, பெரிய மோட்டார் வைத்து, பகல் இரவு பார்க்காமல் தண்ணீரை இழுத்துத் தனியார் லாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் மோட்டார் ஓட ஓட எங்கள் கிணறு இறங்கியது. நான் வேலியோரம் நின்று கேட்டேன்.

"தம்பி, கொஞ்ச நேரமாவது நிறுத்தி வைங்க. கெணறு ஊறவே மாட்டேங்குது."

"என் நெலத்துல நான் எடுக்கறேன் அண்ணி. உங்களுக்கு வேணும்னா நீங்களும் போர் போடுங்க."

"லாரிக் கடனே இன்னும் முடியலை. எங்க போய் போர் போடறது?"

"அப்ப ஏன் கவர்மென்ட் டெண்டருக்குப் போனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் வயிற்றெரிச்சல் என்னவென்று அப்போது புரிந்தது. விசாரித்தால், அந்த டெண்டருக்கு ஆள் அனுப்பி அவரும் போட்டிருந்தார். செயற்பொறியாளர் மனதில் வைத்திருந்த ஆளும் அவர்தான்.

கிணறு கைவிட்டபிறகு, கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு தோட்டத்தில் தண்ணீரை விலைக்கு வாங்கி, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து ஊற்றினோம். டீசல் விலையையும் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு ட்ரிப்பும் கையிலிருந்து போனது. டிரைவர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அக்கா, இதுல இன்னாக்கா மிஞ்சுது? பேஜாரா கீதுக்கா. தண்ணிக்கும் துட்டு குத்துட்டு, டீசலுக்கும் குத்துட்டு, ஓசிலயா ஊத்தினு கீறோம்?"

நிறுத்தினால் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். பிறகு எந்த அரசு வேலைக்கும் கிட்டப் போக முடியாது. அதனால் ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் என்ன செய்யக்கூடாது, செய்தால் என்ன தண்டனை என்பதுதான். ஒரே ஒரு இடத்தில், எதிர்பாராத அசாதாரணச் சூழ்நிலையில் ஒப்பந்தக்காரர் மனுச் செய்துகொண்டால் துறையின் மேலதிகாரி தகுந்த நிவாரணம் வழங்கலாம் என்று இருந்தது. வழங்குவார் என்று இல்லை, வழங்கலாம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை நம்பிப் போகாத. அவங்க இஷ்டம்னு போட்டிருக்கு" என்றார். அவருக்குச் சண்டை ஆகாது. எனக்கு வேறு வழி இல்லை.

விலையைக் கூட்டிக் கொடுங்கள், முடியாதென்றால் தண்டனை இல்லாமல் என்னை விடுவித்துவிடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு போனேன். மேலதிகாரிக்குப் போகும் மனு இந்தச் செயற்பொறியாளர் வழியாகத்தான் போகவேண்டும். அப்போதுதான் அவர் அத்தாட்சி கேட்டார்.

"நீங்களே வந்து பாருங்க சார். மாடம்பாக்கம் பக்கத்துலதானே இருக்கு."

"ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் கெணத்தையும் எட்டிப் பாக்கறதா என் வேலை? விலை போடும்போது மழை பெய்யும்னு யாராவது கேரண்டி குடுத்தாங்களா?"

"இல்ல சார். அதனாலதான் மனு குடுக்கறேன்."

"நட்டம்னு தெரிஞ்சதும் வந்து அழுவீங்க. லாபம் வந்தப்ப பங்கு குடுக்க வந்தீங்களா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் மனுவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அது திரும்பி வந்தது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று இல்லையென்று. வாங்கி இணைத்தேன். மறுபடி திரும்பி வந்தது, சான்றில் சர்வே எண் தெளிவாக இல்லையென்று. எழுதி வாங்கினேன். அடுத்த முறை போனபோது அவர் வெளியூர் முகாமில் இருக்கிறார் என்றார்கள். உள்ளே அவர் செருமும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று நின்றேன். போட்டுக் கொடுத்தார். பேனாவை அழுத்திய வேகத்தில் காகிதம் கிழிந்தது.

மனு மேலே போவதற்குள் குடியிருப்பில் என் பெயர் நாறிவிட்டது. தூரத்திலிருந்து வருவதால் லாரி தாமதமாகும். ஒருநாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு மிகவும் பிந்திவிட்டது. அன்று லாரியோடு நானும் போயிருந்தேன். நாங்கள் உள்ளே நுழையும்போது பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வழியை மறித்து நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு அம்மாள், நல்ல புடவை, கையில் காலி வாளி, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நீதான் அந்த லாரிக்காரியா? கவர்மென்ட் காச வாங்கித் தின்னுட்டு எங்களைக் காய வைக்கறியா?"

"தண்ணி கெடைக்கலைம்மா. கூடுவாஞ்சேரிலேர்ந்து கொண்டாறோம்."

"எல்லாம் தெரியும். கெணத்துல தண்ணிய வச்சுக்கிட்டு வெளில வித்துட்டு, இல்ல இல்லன்னு மனு குடுத்திருக்கியாமே!"

அந்தச் சொல் யார் வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். மனுக் கொடுத்த விஷயம் அந்த அலுவலகத்திலிருந்து போனாலொழிய குடியிருப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது. "தண்ணி வேணும்னா வழிய விடுங்க. சண்டைதான் வேணும்னா வண்டியத் திருப்பிக்கிட்டுப் போறேன்" என்றேன். வழிவிட்டார்கள். லாரி காலியாகும்வரை என்னைத் திட்டிக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருப்பவர்களின் கோபம் நியாயம்தான். ஆனாலும் அன்று அந்தக் குடங்களில் ஒன்றைப் பிடுங்கி வீசவேண்டும் போலிருந்தது எனக்கு.

கோடை ஆரம்பத்தில் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய அலுவலகத்துக்குப் போனேன். அவர் ஒல்லியாக, கடுகடுவென்று இருந்தார். பக்கத்தில் நம் செயற்பொறியாளர். மேலதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என் மனுவின்மேல் எழுதியிருந்த குறிப்பை உரக்கப் படித்தார். 'ஒப்பந்தக்காரர் விலையைத் தாமே ஒப்புக்கொண்டவர். கிணற்றில் போதிய நீர் உள்ளதாக அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தெரியவருகிறது. பரிந்துரைக்கவில்லை.'

"அக்கம்பக்கத்துல யாரை சார் விசாரிச்சீங்க?" என்று செயற்பொறியாளரைக் கேட்டேன்.

"அதெல்லாம் உங்ககிட்ட சொல்லவேண்டிய அவசியம் இல்லை."

"எனக்கு அக்கம்பக்கம்னா ஒரே ஒரு ஆள்தான் சார். அவரும் இதே டெண்டருக்குப் போட்டவரு."

மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இங்க பாருங்கம்மா. ஒப்பந்தக்காரங்க சொல்றதை நான் நம்பறதில்லை. நட்டம்னு வராத ஆளே கெடையாது. ஆனா கெணறு பொய் சொல்லாது. நானே வர்றேன்" என்றார். தேதி சொன்னார். செயற்பொறியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் குறித்துக்கொண்ட தேதி வேலிக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வருவதாகச் சொன்ன நாளன்று காலையில் கிணற்றடிக்குப் போனேன். முந்தின நாள் வரை அடியில் சேறும் பாறையும்தான் தெரிந்தன. அன்று கீழே தண்ணீர் பளபளத்தது. ஒரு நிமிஷம் ஊறிவிட்டதோ என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன். கொழுந்தன் நிலத்துப் பக்கம், கிணற்றுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை அகலமாக ஒரு ஈரத்தடம். வேலியடியில் புல் நசுங்கி, ரப்பர் குழாயை இழுத்த வழி மண்ணில் பதிந்திருந்தது. அவருடைய போர்த் தண்ணீரைக் கொண்டுவந்து என் கிணற்றில் கொட்டியிருந்தார்.

டிரைவர் பார்த்துவிட்டு லாரியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தார். "அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு. வூட்டுக்கே போயி இஸ்துகினு வந்துர்றேன் அந்த ஆளை."

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அதிகாரிகள் வரும் நேரம். அடிதடி நடந்தால் மனு அன்றோடு செத்தது. "கம்பியை உள்ள வைங்க. நம்ம மோட்டாரைப் போடத் தயாரா இருங்க, நான் சொன்னதும் போட்டாப் போதும்" என்றேன்.

ஜீப் வந்தது. செயற்பொறியாளர் முதலில் இறங்கி, நேராகக் கிணற்றடிக்குப் போய், ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். தளக்கென்று சத்தம் கேட்டது. முகமெல்லாம் மலர்ந்து மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி இருக்கு சார். கேட்டீங்கல்ல?"

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்க வந்தவர் போல.

நான் மேலதிகாரியை ஈரத்தடத்துக்கு அழைத்துப் போனேன். "நேத்து இது காஞ்சிருந்தது சார். பக்கத்து நெலத்துலேர்ந்து குழாய் போட்டு ஊத்தியிருக்காங்க. நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம். மோட்டாரைப் போடச் சொல்றேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

செயற்பொறியாளர் குறுக்கிட்டார். "சார், உங்களுக்கு மீட்டிங் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் மேலதிகாரி.

மோட்டார் ஓடியது. லாரித் தொட்டியில் கால் பங்குகூட நிரம்பவில்லை. குழாய் இருமி, செம்மண் குழம்பைக் கக்கி, வெறும் காற்றை ஊதியது. எட்டிப் பார்த்தால் அடியில் சேறு. செயற்பொறியாளர், கிணறென்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊறும் என்று சொல்ல ஆரம்பித்தார். "சரி, ஊறட்டும்" என்ற மேலதிகாரி, ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, சேறு தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் மோர் கொண்டுவரச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். செயற்பொறியாளரைப் பார்த்து நான் கேட்கவே இல்லை.

மத்தியானம் முழுக்க அந்த வெயிலில் எல்லோரும் காத்திருந்தோம். கொழுந்தன் சீக்கிரமே வேலியைவிட்டு நழுவிவிட்டார். ஆனால் அவருடைய போர் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மேலதிகாரி அந்தச் சத்தம் வரும் திசையை அவ்வப்போது பார்த்துக்கொண்டார். வெயில் இறங்கியதும் எழுந்து கயிற்றை மறுபடி இறக்கினார். முடிச்சுக்கு மேல் ஈரம் ஏறவில்லை. கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. செயற்பொறியாளரை மட்டும் பின்சீட்டில் உட்காரச் சொன்னார்.

சில வாரங்களில் ஆணை வந்தது. ஒப்பந்தத்தின் மீதிக் காலத்திலிருந்து ஒப்பந்தக்காரர் விடுவிக்கப்படுகிறார்; டெபாசிட் பறிமுதல் செய்யப்படாது; கறுப்புப் பட்டியல் இல்லை; விலை உயர்வுக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது; இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. என் கணவர் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் கூடுவாஞ்சேரியிலிருந்து என் செலவில் சுமந்த தண்ணீரெல்லாம் போனது போனதுதான். கால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், அவ்வளவே. அதற்கே நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

டெபாசிட்டை வாங்கப் போன அன்று, அலுவலகச் சுவரில் புது டெண்டரின் முடிவை ஒட்டியிருந்தார்கள். அதே குடியிருப்பு, அதே தண்ணீர். வேலை என் கொழுந்தனுக்குப் போயிருந்தது. விலை, நான் நிவாரணமாகக் கேட்டதைவிட அதிகம். சுவரிலிருந்து நேரே செயற்பொறியாளர் அறைக்குப் போனேன்.

"நான் கேட்டப்ப முடியாதுன்னீங்க. இப்ப அதைவிடக் கூட்டிக் குடுத்திருக்கீங்களே, எப்படி சார்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க கேட்டது நிவாரணம். இது டெண்டர். ரெண்டும் வேற வேறம்மா."

"உங்களுக்கு வேற வேற. தண்ணி ஒண்ணுதான்."

"கையெழுத்துப் போட்டுட்டு செக்கை வாங்கிட்டுக் கெளம்புங்க. எனக்கு வேலை இருக்கு."

ஊழல் தடுப்புத் துறைக்கு எழுதினேன். கிணற்றில் குழாய்விட்டதையும், மனு விஷயம் வெளியே போனதையும், புது விலையையும் விவரமாக எழுதினேன். ஒரு பதிலும் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. என் கணவர், "முடிஞ்சு போச்சு, விடு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பங்காளி வீட்டுக்குப் போய் நிக்கவேணாமா?" என்றார். நீங்கள் போய் நில்லுங்கள் என்றேன். கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அவர் போனார், நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட உறவுக்காரர்களிடம் காரணத்தைப் பச்சையாகவே சொன்னேன். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர். அந்தப் பேரில் எனக்கு வருத்தமில்லை.

லாரியைக் கூடுவாஞ்சேரித் தோட்டக்காரரே வாங்கிக்கொண்டார். டிரைவரும் அவரிடமே போய்விட்டார். நிலத்தை மனை போட்டு விற்று, கடனை அடைத்து, மிச்சத்தில் சேலையூர் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினோம். கொழுந்தனுடைய போரும் பின்னால் உப்பாகிப் போனது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான் பட்டேன், பொய் சொல்வானேன்.

அந்தச் செயற்பொறியாளரை அதன்பிறகு ஒரே முறை பார்த்தேன், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில். ஓய்வு பெற்றிருந்தார் போல. கையில் காய்கறிப் பை, தலை நரைத்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா? இன்னும் தண்ணி வியாபாரம்தானா?"

கூட்டம் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். நான் அவர் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.